மூன்றரையில் நின்ற ஒளி

சாயந்திரம் நாலரை அடித்தால் பூமாலை மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். பதினெட்டு வருஷமாக அதைச் செய்து வருகிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற வழியில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கிற ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்கு அவர்தான் உதவியாளர். மெயினை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும் என்று யாரோ ஒரு முதல்வர் எப்போதோ சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு மூன்று முதல்வர்கள் மாறிவிட்டார்கள், பூமாலை மட்டும் மாறவில்லை. அதனால் மே மாதம் ஒரு காலையில் இயற்பியல் துறை இசபெல்லா லேபைத் திறந்து பார்த்தபோது, முந்தின நாள் அவள் ஓடவிட்டுப் போன முப்பது கம்ப்யூட்டரும் செத்துக் கிடந்தன.

இது இரண்டாவது தடவை. முதல் தடவை அணைத்தபோது, சரி, பாவம், அவருக்குத் தெரியாது என்று விட்டுவிட்டாள். அதற்கப்புறம் மெயினுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'தயவுசெய்து அணைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினாள். பூமாலை அதை நின்று படித்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் இறக்கியிருக்கிறார்.

"முதல்வர் கையெழுத்து இல்லியே மேடம்" என்றார். "ஆளாளுக்கு எதையாச்சும் எழுதி ஒட்டிட்டுப் போறாங்க. நான் எதைன்னு நம்புறது?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இசபெல்லாவுக்கு வயிறு எரிந்தது அதனால்தான். அவள் வழியில் குறுக்கே வந்து நிற்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள். யாரையாவது நன்றாகத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

இசபெல்லாவுக்கு வயது முப்பத்தொன்பது. அப்பா சூசை மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் முதல் பட்டதாரி இவள். எம்.எஸ்சி. முடித்த கையோடு இந்தக் கல்லூரியில் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. புருஷன் மார்ட்டின் மின்சார ஆபீசில் வயர்மேன். ஒரு பெண் குழந்தை, ஆறாவது படிக்கிறது. இதுவரைக்கும் சொன்னதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. அடுத்ததைச் சொன்னால்தான் எதிரில் இருப்பவர்கள் மூஞ்சியைச் சுளிப்பார்கள். ஏழு வருஷமாக அவள் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, மீக்கடத்திக் குவாண்டம் சுற்றுகளில் ஒளியின் வலுவான நேரிலாத் தன்மை.

இந்தத் தலைப்பை அவள் ஆசைப்பட்டு எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கந்தசாமி அவளுக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டார். அவர் நீட்டிய பட்டியலில் மற்றதெல்லாம் கருவி கேட்கிற வேலை. இவள் கல்லூரியில் இருந்ததோ இரண்டு ஸ்பெக்ட்ராமீட்டர், அதில் ஒன்றுக்குப் பட்டகம் உடைந்துபோய்விட்டது. இது ஒன்றுதான் வெறும் கணக்கு. மண்டையும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் போதும்மா என்றார் கந்தசாமி. அந்த வார்த்தையை நம்பித்தான் இறங்கினாள்.

இறங்கிய பிறகு ஆசை வந்துவிட்டது. இரண்டு டார்ச் வெளிச்சத்தை எதிரும் புதிருமாக அடித்தால் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் ஊடே போய்விடும். ஒளியின் குணம் அது. ஆனால் அலுமினியத்தில் மெல்லிசாக ஒரு சுற்று வரைந்து, நடுவில் ஒரு நூலளவு இடைவெளியில் துருப்போல ஒரு படலம் வைத்து, அதை விண்வெளியில்கூட இல்லாத அளவு குளிரவைத்தால், அந்தக் குணம் மாறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைதான், ஆனாலும் அதுவும் ஒளிதான். அதன் ஒரே ஒரு துகள், ஃபோட்டான் என்பது, உள்ளே போய் உட்கார்ந்தால் போதும். சுற்றின் சுருதியே தள்ளிப்போய்விடும். அடுத்து வருகிற ஃபோட்டான் வாசலில் நின்று முழிக்கும். ஒளியை ஒளியே தடுக்கிறது என்று முதல் தடவை கணக்கில் பார்த்த அன்று இசபெல்லா அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டாள்.

இதையெல்லாம் யாரிடம் சொல்ல? கல்லூரிக் கோப்புக்காக உங்கள் ஆராய்ச்சியை ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள் என்றார் முதல்வர். 'ஒளியால் ஒளியை நிறுத்துவது' என்று எழுதிக் கொடுத்தாள். அது டைப் ஆகி வந்தபோது 'ஒளி சம்பந்தப்பட்டது' என்று இருந்தது. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பார்த்தால் இன்னுமா முடியவில்லை என்பார்கள். சூசை மட்டும் எதுவும் கேட்கமாட்டார், அவருக்குக் கேட்கப் பயம்.

மூன்றாம் வருஷம் ஒரு கட்டுரை வெளியானது. பட்டத்துக்கு இரண்டு வேண்டும். இரண்டாவதுக்கு அவளிடம் இருந்ததுதான் அந்த மூன்றரை.

ஒரே சுற்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை இருக்கிற மாதிரி ஓர் அமைப்பு. ஒன்றில் நுண்ணலையைத் தள்ளத் தள்ள, உள்ளே இருக்கிற ஃபோட்டான்களின் சராசரி ஏறும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, மூன்றரையில் நின்றுவிட்டது. இன்னும் வேகமாகத் தள்ளினாலும் ஏறவில்லை. இரண்டு மடங்கு, பத்து மடங்கு தள்ளினாலும் அதே மூன்றரை. வரைபடத்தில் மலை ஏறி உச்சியில் சமதரை வந்தது மாதிரி ஒரு கோடு. ஒளி தானாகவே போதும் என்று சொல்லிக்கொள்கிற இடம். உலகத்தில் யாரும் இதைச் சொன்னதாக அவள் பார்த்தவரையில் இல்லை. ஏன் நாலு இல்லை, ஏன் மூன்று இல்லை, ஏன் சரியாக மூன்றரை என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினாள். எழுதியதில் அவளுக்கு மிகவும் பிடித்த இரண்டு பக்கம் அவைதான். இயற்கை தன் காதில் மட்டும் ரகசியமாக எதையோ சொல்லிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டாள், அதில் அவளுக்கு வெட்கம் இல்லை.

ஏப்ரல் கடைசியில் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. முதல் மதிப்பீட்டாளர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் கணக்கில் ஃபோட்டான்களுக்கு எத்தனை படி வைத்திருக்கிறீர்கள், படிகள் மாறினாலும் இந்த முடிவு நிற்கிறதா, காட்டுங்கள்.

இது என்ன கேள்வி என்று சொல்லிவிடுகிறேன், மீதிக் கதை இதில்தான் இருக்கிறது. நிஜச் சுற்றில் எத்தனை ஃபோட்டான் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கம்ப்யூட்டரில் அப்படி எல்லை இல்லாமல் விட முடியாது, அதன் நினைவகம் நிறைந்துவிடும். ஆகவே இத்தனை வரைதான் எண்ணுவேன் என்று நாமாகவே மேலே ஒரு கூரை போட்டுக்கொள்ள வேண்டும். இசபெல்லா பூஜ்யத்திலிருந்து ஏழு வரைக்கும் எட்டுப் படி வைத்திருந்தாள். ஒன்பதாவது வைத்தால் அவளுடைய பழைய லேப்டாப் உறைந்துபோய், பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருக்கும். கூரை போதுமான உயரத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. சராசரியே மூன்றரைதானே, கூரை ஏழில் இருக்கிறதே, இடைவெளி தாராளமாக இருக்கிறதே என்பது அவள் நினைப்பு.

கந்தசாமிக்கு ஒன்பது மாணவர்கள், நேரமே கிடையாது. போனில் அரை நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கணினி வசதி இல்லாததால் இயலவில்லைன்னு ஒரு வரி எழுதி அனுப்பும்மா. நம்ம ஊர் நிலைமை அவங்களுக்கும் தெரியும். ஏத்துக்குவாங்க."

நம்ம ஊர் நிலைமை என்ற வார்த்தைதான் அவளைக் குத்தியது. ஏழு வருஷம் செமஸ்டர் விடைத்தாள் திருத்தி, தேர்தல் வேலை பார்த்து, கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் கமிட்டி வருகிறது என்று கோப்பு தைத்து, மகளுக்கு அம்மை போட்டபோது மடியில் வைத்துக்கொண்டு சமன்பாடு எழுதியது இரக்கம் காட்டட்டும் என்பதற்கா? பதிவுக்காலம் ஜூன் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் எட்டை இருபதாக்கிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். இருபது படிக் கணக்கை முப்பது துண்டாகப் பிரித்து, லீவில் சும்மா கிடக்கிற லேபின் முப்பது கம்ப்யூட்டரில் போட்டால் நாலு நாளில் முடியும். நாலு நாள் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானில்தான் மே மாதம் முழுக்கப் போனது. பூமாலை இரண்டு தடவை அணைத்த கதை முன்னாலேயே சொல்லியாயிற்று. முதல்வரிடம் அலைந்து கையெழுத்து வாங்கி ஒட்டினாள். பூமாலை அதற்குத் தலை வணங்கினார். அந்த வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. லைனை நிறுத்தக் கம்பத்தில் ஏறியது மார்ட்டினேதான். அன்றைக்கு அவன் சாப்பிட வந்தபோது இசபெல்லா தட்டை வைத்த வேகத்தில் ரசம் தெறித்தது.

"லைன்ல மரக்கிளை படுது, நான் இன்னா பண்றது?" என்றான்.

"ஒரு நாள் தள்ளி வெட்டக் கூடாதா?"

"உன் கம்ப்யூட்டருக்காவ சப்-ஸ்டேஷன் வேலைய நிறுத்தச் சொல்றியா? யாருகிட்ட போயி சொல்றது இத?"

அவனும் கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை. நாலாவது தடவை ஓட ஆரம்பித்த இரண்டாம் நாள், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட ஆபீஸ் பெண்கள் லேபுக்குள் வந்தார்கள். திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வைரஸ் வந்துவிட்டது போல என்று எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டார்கள். இசபெல்லா காரிடாரில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். முதல்வர் அதைப் பார்த்துவிட்டு, மேடம் உங்கள் அட்மிஷன் எத்தனை ஆயிற்று என்று கேட்டார்.

அது வேறு இருந்தது. அந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் கோடை வந்தால் வாத்தியார்கள் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து. இசபெல்லா நாலு பேரைச் சேர்த்திருந்தாள். ஐந்தாவது தடவையாக வியாழக்கிழமை சாயந்திரம் முப்பது கம்ப்யூட்டரையும் ஓடவிட்டு, ஆபீஸ் பெண்களிடமும் சொல்லி, பூமாலையிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். சனிக்கிழமை காலையில் கல்லூரி வேனில் கல்வராயன் மலைக்குப் பிள்ளை பிடிக்கக் கிளம்பினாள்.

கூட வந்தவர் தமிழ்த் துறை செழியன். நல்ல பேச்சாளர். வளைவு வளைவாக வேன் ஏறும்போதே நோட்டீஸைப் பிரித்து எந்த ஊரில் எதைச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். கரியாலூர் தாண்டியதும் செல்போனில் சிக்னல் போய்விட்டது. லேபில் என்ன நடக்கிறது என்று கேட்க வழியில்லாமல் இசபெல்லா போனை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

ஏழெட்டு வீடு ஏறி இறங்கிய பிறகு மதியத்தில் ஆயம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். ஆயம்மாளுக்கு இசபெல்லா வயதுதான் இருக்கும். மகள் இசைவாணி பிளஸ் டூவில் நல்ல மார்க். மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்த ஆயம்மாளுக்கு மூச்சு வாங்கியது. செழியன் தின்பண்டம் விற்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், பஸ் இருக்கிறது, விடுதி இருக்கிறது, வேலைவாய்ப்பு இருக்கிறது என்று. ஆயம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர அவள் முகத்தில் எதுவும் ஏறவில்லை. இசபெல்லா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அங்கேதான் ஆயம்மாளுக்கு வாய் திறந்தது, ஏனென்றால் அவள் கோபமெல்லாம் தண்ணீர் மேல்தான் இருந்தது. இவர்கள் கையில் காகிதம் வைத்திருந்ததால் ஏதோ ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

"போன வருசம் ஒரு சாரு வந்தாரு மேடம். மேல ஊத்துல எவ்ளோ தண்ணி வருதுன்னு எழுதணும்னாரு. அப்ப கீழ முந்நூறு லிட்டரு டிரம்மு வச்சிருந்தோம். காலையில பாத்தா ரொம்பியிருந்துச்சு. முந்நூறுன்னு எழுதிக்கினு பூட்டாரு. இந்த வருசம் ஆயிரம் லிட்டரு டேங்கு வச்சாங்க. அதுவும் ரொம்பிச்சு. இப்ப வந்த சாரு ஆயிரம்னு எழுதிக்கினு, ஊத்து பெருகிடுச்சு, ஒங்களுக்கு பைப்பு லைன் வேணான்றாரு. ஊத்து எங்க மேடம் பெருகிச்சு? அவுரு டேங்கத்தான அளந்துக்கினு போனாரு?"

செழியன் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி விடுதிக்கு வந்தார். இசபெல்லா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

ஏழில் பாதி மூன்றரை.

ஏன் நாலு இல்லை, ஏன் மூன்று இல்லை என்று இரண்டு பக்கம் எழுதினாளே, அதற்கு ஆறாவது படிக்கிற அவள் மகள்கூடப் பதில் சொல்லியிருப்பாள். மேலே கூரை ஏழில் இருந்தது. தள்ளத் தள்ள ஒளி கூரை வரை முட்டி, கீழிருந்து மேல் வரை எல்லாப் படியிலும் ஒரே மாதிரி பரவிக்கொண்டது. அப்படிப் பரவினால் சராசரி பாதியில்தான் நிற்கும். ஒளி எங்கேயும் நிற்கவில்லை. நின்றது அவள் போட்ட கூரை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று உடனே மனசு வாதாட ஆரம்பித்தது. சோதித்துப் பார்த்தால்தானே தெரியும், அதற்குத்தானே முப்பது கம்ப்யூட்டர் ஓடுகிறது, திங்கட்கிழமை தெரிந்துவிடும் என்றது.

அதற்குப் பின்னாலேயே அடுத்தது வந்து விழுந்தது. அதற்கு முப்பது கம்ப்யூட்டர் எதற்கு? கூரையை ஏற்றத்தான் லேப்டாப்புக்குச் சக்தி இல்லை. இறக்க யார் வேண்டாம் என்றார்கள்? எட்டை ஆறாக்கிப் பார்த்தால் முடிந்தது. நிஜமான மூன்றரை என்றால் அப்போதும் மூன்றரைக்குப் போகப் பார்க்கும். பொய்யான மூன்றரை என்றால் கூரையோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். முந்நூறு லிட்டர், ஆயிரம் லிட்டர். பி.எஸ்சி. முதல் வருஷப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற விஷயம் இது.

அவள் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் அதுவரை யார் மேலும் வந்ததில்லை. நாலு வருஷமாக அந்த மூன்றரையைக் கையில் வைத்திருக்கிறாள். ஒரு நாள்கூட ஒரு படி இறக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா? பூமாலையை நொந்துகொண்டதும் புருஷனோடு மல்லுக்கு நின்றதும் எல்லாம் அவளுக்கு வசதியாகத்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது, அழுகை வரும்போல இருந்தது. ஆயம்மாள் தண்ணி சரியில்லையா மேடம் என்று கேட்டாள். நல்லா இருக்குக்கா என்று சொல்லி முழுவதும் குடித்தாள்.

இசைவாணி அரசு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள், கிடைக்காவிட்டால் பார்க்கலாம் என்றாள். இசபெல்லா அதுதான் நல்லது என்று சொல்லிவிட்டாள். இறங்கும்போது வேனில் செழியன் அதற்காக அவளைக் கோபித்துக்கொண்டார், ஒரு கேஸ் போச்சே மேடம் என்று.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. லேப்டாப் மேசைமேல்தான் இருந்தது. அவள் மகளின் யூனிபார்மை இஸ்திரி போட்டாள். பீரோவில் கலைந்துகிடந்த துணியை அடுக்கினாள். நாலு மாதமாகத் தொடாத ஃபேனைத் துடைத்தாள். மார்ட்டின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது பூமாலை போனில் வந்தார். லேபில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, மேடம் கவலைப்பட வேண்டாம், தான் லீவு நாளில் நேரில் வந்து பார்த்துவிட்டுப் பேசுவதாகவும், வாட்ச்மேனிடமும் மெயினைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். இசபெல்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரொம்ப நன்றிண்ணே என்று மட்டும் சொன்னாள்.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். எட்டு என்று இருந்த இடத்தில் ஏழு என்று மாற்றினாள். ஓடியது. கோடு ஏறி, மூன்றில் சமதரையானது. ஏழை ஆறாக்கினாள். கோடு ஏறி, இரண்டரையில் சமதரையானது. இரண்டு படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றரை, மூன்று, இரண்டரை. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கோடு எவ்வளவு அழகாக இருந்ததோ அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

மார்ட்டின் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றான். அவனுக்கு அந்தக் கோடுகள் புரியாது, ஆனால் அவள் முதுகு புரியும்.

"இன்னாச்சு?"

"தப்பு. எல்லாம் தப்பு. ஒளி நிக்கவே இல்ல. நான்தான் தடுத்து வச்சிருந்தேன்."

"லேப்ல ஓடினு இருக்கே, அது முடிஞ்சா மாறாதா?"

"மாறாது."

"இத இதுலயே பாத்துட்டியா? எவ்ளோ நேரம் ஆச்சு?"

திரையின் மூலையில் கணக்கு எடுத்துக்கொண்ட நேரம் தெரிந்தது. அவனே குனிந்து படித்தான். இரண்டு கணக்கும் சேர்த்துப் பதினொரு நிமிஷம்.

அவன் உள்ளே போய் டீ போட்டான். நல்ல மனுஷன்.

கந்தசாமி சார் திங்கட்கிழமை போனில் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்த ஒரு வரியை எழுதி அனுப்பியிருந்தால் இந்நேரம் கட்டுரை ஏற்கப்பட்டிருக்கும், யாரும் ஆறு படி போட்டுப் பார்த்திருக்கப்போவதில்லை, உனக்கு மூன்று வாரத்தில் ஆய்வேடு உள்ளே போயிருக்கும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இசபெல்லா சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னாள். காலையிலேயே செய்துவிட்டிருந்தாள். அந்த இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு நன்றி என்றும் எழுதியிருந்தாள், எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜூன் முப்பதுக்கு நாலு நாள் முன்னால் ஓராண்டு நீட்டிப்பு கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினாள். கிடைக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் இல்லை என்று ஆகிவிடும். கல்லூரியிலும் முனைவர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதாக இல்லை என்று சாடையாகச் சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சிப் பிரிவு ஜன்னலில் இருந்த எழுத்தர் படிவத்தை வாங்கி மேலிருந்து படித்துக்கொண்டு வந்தவர், தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் நின்றார். அங்கே அவள் எழுதியிருந்தது: 'என் முடிவு தவறு என்று நானே சோதித்துக் கண்டுபிடித்ததால்.'

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். வயசானவர், சிடுசிடுப்பும் இல்லை.

"இப்பிடிலாம் எழுதக் கூடாதும்மா. தப்பு பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்தா யாரு டைம் குடுப்பாங்க? ரூல்ல மூணு காரணந்தான் இருக்குது. பிரசவம், உடம்பு சரியில்ல, டிரான்ஸ்பர். உடம்பு சரியில்லன்னு போட்டு ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் வைங்க. ரெண்டு நாள்ல ஆர்டர் வந்துடும்."

எழுத்தை அழிக்கிற வெள்ளை மை புட்டியை ஜன்னல் வழியாக அவரே நீட்டினார். இசபெல்லா அதைக் கையில் வாங்கினாள். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஆராய்ச்சியில் உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம் அந்த ஒரு வரிதான், அதைத்தான் அழிக்கச் சொல்கிறார்கள். அழித்தால் பட்டம் வரும்.

"அழிக்கலன்னா?" என்று கேட்டாள்.

"கமிட்டிக்குப் போவும். குடுத்தாலும் குடுப்பாங்க, இல்லன்னாலும் இல்ல. என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் புட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள். பையிலிருந்து மூன்று படங்களை எடுத்தாள், எட்டுப் படி, ஏழு படி, ஆறு படி. மருத்துவச் சான்றிதழை இணைக்கவும் என்று அச்சிட்டிருந்த இடத்தில் அந்த மூன்றையும் வைத்து, அவருடைய மேசையிலிருந்த ஸ்டேப்ளரையே கேட்டு வாங்கிக் குத்தினாள்.